மீந்த சோறு யார் வயிற்றுக்கு?



சென்ற மாதம் மேல்கணக்கில் நடந்த தாய்மார் கூட்டத்தில் நாம் ஒரு கேள்வி கேட்டோம். இராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையில் சோறு மீந்தால் என்ன செய்வீர்கள்? ஒருவர் நாய்க்கு என்றார். ஒருவர் கோழிக்கு என்றார். இரண்டு மூன்று பேர் தண்ணீர் ஊற்றி வைப்போம் என்றார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா சிரித்துக்கொண்டே, "எறிய மனசு வரல்லீங்க ஐயா. நானே வழிச்சுப் போட்டுத் தின்னுருவேன்" என்றார். பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

சரி, சோறு பத்தாமல் போனால்? அதற்கும் அதே அம்மாதான் பதில் சொன்னார். "அன்னைக்கு ஒரு பிளேன்டீயோட படுத்துக்க வேண்டியதுதான்."

இந்த இரண்டு பதிலையும் சேர்த்துப் பாருங்கள். மீந்தாலும் தாய், குறைந்தாலும் தாய். நம் லயங்களில் உணவு வீணாகாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் தாயின் வயிறுதான் பயன்படுகிறது. கறி தீர்ந்த பிறகு மிஞ்சிய வெறுஞ்சோற்றைத் தின்பதைச் சிக்கனம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. விடிந்தால் மலைக்குப் போய் நாள் முழுக்கக் கொழுந்தெடுப்பவர் அவர். நம் தோட்டங்களில் இரத்தச்சோகை உள்ள பெண்கள் எத்தனை பேர் என்பது கிளினிக் நாளில் மருத்துவிச்சி அம்மாவோடு நிற்கும் நமக்குத் தெரியும். ஆகவே இந்த மாதப் பாடத்தை மீந்ததை வைத்து என்ன சமைக்கலாம் என்பதிலிருந்து தொடங்காமல், ஏன் மீறுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறோம்.

அளந்து போடுங்கள்

கைக்கணக்கில் அரிசி போடுவதுதான் முதற் காரணம். "யாராவது வந்தால்?" என்று ஒரு கை கூட. பிள்ளை பசியோடு வருவான் என்று இன்னொரு கை. அந்தப் பிள்ளை பிள்ளைக்காம்பராவிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து தூங்கிவிடுவான். நாளுக்கு 100 கிராம் அரிசிக்கு உரிய சோறு வீணானால் மாதத்துக்கு 3 கிலோ. வருடத்துக்கு 36 கிலோவுக்கு மேல். ஒரு பங்கு அரிசி வெந்தால் இரண்டரை மூன்று பங்கு எடை வரும் என்பதால், பானையில் மீந்தது கொஞ்சமாகத் தெரிந்தாலும் அது தினமும் நடந்தால் இந்தக் கணக்குத்தான்.

சுண்டு வைத்திருப்பவர்கள் சுண்டால் அளக்கலாம். இல்லாவிட்டால் ஒரு பழைய பால்மா டின் போதும். ஒரு கிழமைக்கு, எத்தனை டின் போட்டோம், எவ்வளவு மீந்தது என்று கலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே குறித்து வையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொன்னால் சந்தோஷமாக எழுதும். ஏழாம் நாள் உங்கள் வீட்டு அளவு உங்களுக்கே தெரிந்துவிடும்.

நம் பாட்டிமார் செய்த பிடி அரிசிப் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அரிசியை அளந்த பிறகு அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வேறு டின்னில் போடுவார்கள். மாதக் கடைசியில், கடைக்காரர் கொப்பியை மூடிவிட்ட நாளில், அந்த டின்தான் கைகொடுக்கும். 2022 ஆம் ஆண்டில் கோதுமை மாவும் பருப்பும் விலை ஏறி, பல வீடுகளில் இரண்டு வேளையாகச் சுருக்கிக்கொண்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் சோறு ஏற்கனவே பத்தாத வீட்டில் பிடி அரிசி எடுக்கச் சொல்லி நாம் சொல்லமாட்டோம். தாராளமாகப் போடுகிற வீட்டுக்குத்தான் அது.

சிறு பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சமாகப் போடுங்கள். கேட்டால் மறுபடி போடலாம். கோப்பையில் பிசைந்து மிச்சம் வைத்தது வேறு யாருக்கும் ஆகாது. பானையில் இருப்பது ஆகும்.

இரவுச் சோறு: நாம் சொன்னதில் ஒரு திருத்தம்

முன்பு சில கூட்டங்களில், "பழைய சோறா, நன்றாகச் சூடாக்கிக் கொடுத்தால் ஒன்றும் செய்யாது" என்று நாமே சொல்லியிருக்கிறோம். அது முழுவதும் சரியல்ல. அதைத் திருத்திச் சொல்வது நம் கடமை.

மண்ணில் வாழும் பசிலஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் அரிசியோடு சேர்ந்தே நம் வீட்டுக்கு வருகின்றன. சோறு கொதிக்கும்போதுகூட அந்த வித்துகள் சாவதில்லை. வடித்த சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை உயிர்பெற்றுப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்ட ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரலாம். வயிற்றோட்டம் இன்னும் பிந்தி வரும். பெரியவர்கள் ஒரு நாளில் தேறிவிடுவார்கள். சிறு பிள்ளைக்கு உடம்பில் நீர் வற்றினால் ஆபத்து. ஜீவனி கரைத்துக் கொடுத்துக்கொண்டே டிஸ்பென்சரிக்குக் கொண்டு போங்கள்.

"நம்ம ஊர்க் குளிருக்கு என்ன கெடப்போகுது?" என்று கேட்பார்கள். நுவரெலியாப் பக்கத்துக் குளிரும் பிரிட்ஜின் குளிரும் ஒன்றல்ல. பிரிட்ஜுக்குள் 5 பாகைக்கும் குறைவு. நம் குசினியிலோ அடுப்புக்குப் பக்கத்தில், மூடிய பானைக்குள், சோறு நடுராத்திரி வரை இளஞ்சூடாகவே இருக்கும். கிருமிக்கு அதுதான் வசதி. கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் சொல்லவே தேவையில்லை.

ஆகவே இரவில் சோறு மீந்தால் பானையோடு விடாதீர்கள். அகலமான தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, சுத்தமான சட்டியில் மூடி வையுங்கள். தண்ணீரில் ஊறும் சோறு புளிக்கத் தொடங்கும். அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகள் வளர்வதைத் தடுக்கும். காலையில் லேசான புளிப்பு வாடை இருந்தால் நல்லது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் உப்பு, இருந்தால் தயிர். மலைக்குப் போகும் முன் இதைவிட நல்ல காலைச் சாப்பாடு நமக்குத் தெரியாது. கையில் எடுத்தால் நூல் நூலாக இழுத்தாலோ, நாற்றம் அடித்தாலோ கோழிக்குக்கூடப் போடாமல் குழியில் கொட்டுங்கள். இரண்டாம் நாளுக்கு வைக்க வேண்டாம். கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் புதிதாக ஆக்கியதைக் கொடுங்கள்.

பிரிட்ஜ் உள்ள வீட்டுக்காரர்கள் அதே ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்து, மறுநாள் எடுத்துச் சோற்று ரொட்டி சுடலாம். ஒரு கோப்பைச் சோற்றைக் கையால் நன்றாக மசித்து, ஒரு கோப்பைக் கோதுமை மா, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துத் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். தட்டி, தாச்சியில் இரண்டு பக்கமும் சிவக்கச் சுடுங்கள். வெறும் மாவில் சுட்டதைவிட இது மெதுவாக இருக்கும். மாவும் பாதிதான் செலவு.

விடியற்காலை நான்கு மணிக்கு வடித்த சோற்றை இராத்திரிக்கு வைக்க வேண்டாம். மத்தியானத்துக்கு எடுத்துப் போவது வேறு வழியில்லாத காரியம். ஆனால் ஆவி பறக்கும்போதே மூடியைப் போட்டு அடைக்காதீர்கள். ஆவி முழுவதும் போன பிறகு மூடுங்கள். தேங்காய்ப்பால் விட்ட கறி முதலில் கெடும். மலைக்குக் கொண்டுபோக வறட்டிய கறி, கருவாட்டுப் பிரட்டல் மாதிரியானவை நல்லது.

எறிகிற இலையில் இருக்கும் சத்து

மரக்கறி விளையும் நாட்டில் இருந்துகொண்டு நாம் எறிவதைப் பார்த்தால் மனம் வேகுது. பீட்ரூட் கிழங்கை எடுத்துக்கொண்டு இலையைக் கானில் போடுகிறோம். ராபு இலை, நோக்கோல் இலை, லீக்ஸின் பச்சை நுனி, பூசணிக் கொழுந்து எல்லாம் சுண்டலுக்கு ஆகும். பொடியாக அரிந்து, வெங்காயம் மிளகாயோடு வதக்கி, தேங்காய்ப்பூ போட்டு இறக்கும்போது தேசிக்காய் பிழிந்தால் போதும். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையையும் இதிலேயே போடலாம். கோவாவில் மட்டும், மருந்து அதிகம் படுவது வெளி இலையில் என்பதால் மேல் இரண்டு இலையை விட்டுவிடுங்கள். மற்றதை ஒவ்வொரு இலையாகக் கழற்றி ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். களைமருந்து அடித்த மலையில் வல்லாரை, பொன்னாங்காணி பறிக்கவே கூடாது. கீரை இலவசமாகக் கிடைக்கிறது என்று அங்கே கை வைக்காதீர்கள். பச்சை படர்ந்த உருளைக்கிழங்கிலும் சிக்கனம் வேண்டாம். அதிலுள்ள நஞ்சு அவித்தாலும் போகாது.

மீந்த பருப்பைக் கொதிக்க வைத்து அன்றே முடித்துவிடுங்கள். தண்ணீர் கூட்டி, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுப் புளி விட்டால் ரசம். காய்ந்துபோன ரொட்டியை எறியாமல் துண்டு துண்டாக வெட்டி, கோவா, லீக்ஸ், ஒரு முட்டையோடு பிரட்டினால் கொத்து ரொட்டி. பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடும்.

இன்னொரு வீண்செலவு இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. இப்படிக் கீரையும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுக் கையோடு தேத்தண்ணி குடித்தால், அவற்றிலுள்ள இரும்புச்சத்தில் பெரும்பகுதி உடம்பில் சேராது. தேயிலையை வைத்துப் பிழைக்கும் நாமே இதைச் சொல்வது வேடிக்கைதான். குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய், கொய்யா, நெல்லி இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

மிஞ்சுகிற தோல், தண்டு, முட்டைக்கோதை வீட்டுக்குப் பின்னால் ஒரு குழியில் போட்டு மண் தூவி வந்தால் கொல்லைக்குப் பசளை. கானில் கொட்டினால் எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சல் வரும். எச்சில் சோற்றுக்கு நாய்கள் கூடும். நாயைத் தேடிச் சிறுத்தை லயத்தடிக்கு வருவது தோட்டத்து ஆட்களுக்குத் தெரிந்த விஷயம்.

கடைசியாக வீட்டு ஆண்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் ஒரு வேலை. இன்று இரவு சோறு போடும்போது, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கோப்பையையும் ஒன்றாக எடுத்து வையுங்கள். அம்மாவின் கோப்பையும் அதில் இருக்க வேண்டும். சோறு, பருப்பு, கீரை, மீன் துண்டு இருந்தால் அதுவும், எல்லாக் கோப்பைக்கும் போட்ட பிறகு சாப்பிட உட்காருங்கள். அதற்கு மேல் பானையில் மிஞ்சுவதுதான் மீந்த சோறு.

கலண்டரில் குறித்த கணக்கை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஒரு நாளைக்கு ஒரு கோடு போட்டாலும் போதும். நாம் சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம்.