சுவர் காய்ந்த பிறகு வண்ணம்

மும்பையில் குர்லா நெருக்கமான இடம். மித்தி ஆறு அதன் ஓரமாக ஓடுகிறது. தமிழ்நாட்டில் இருந்து பிழைக்க வந்த குடும்பங்களும் இங்கே வாழ்கின்றன. பலருக்கு ஒரே ஓர் அறைதான் வீடு. ஒரு பக்கம் செங்கல் சுவர் இருக்கும். மறு பக்கம் தகரமோ பிளைவுட் பலகையோ இருக்கும். தகரத்தை மும்பையில் 'பத்ரா' என்பார்கள்.

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு பெருகியது. குர்லாவில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அவ்வளவு பெரிய மழை எப்போதாவதுதான் வரும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் ஆண்டுதோறும் சுவர் ஊறுகிறது.

மழை முடிந்ததும் தீபாவளி வரும். வீட்டுக்கு வண்ணம் அடிக்க எல்லோருக்கும் ஆசை. ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடக்கிறது.

"அண்ணாச்சி, போன வருசம்தானே பெயிண்ட் அடிச்சோம்? அதுக்குள்ள உரிஞ்சு விழுதே!"

"பெயிண்ட் மேல தப்பு இல்ல, தங்கச்சி. ஈரச் சுவர்ல அடிச்சா நிக்காது."

"காஞ்சிருச்சான்னு எப்படிப் பாக்குறது?"

"ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவர்ல வச்சு, நாலு ஓரமும் டேப் ஒட்டுங்க. மறுநாள் எடுத்துப் பாருங்க. சுவர் பக்கம் தண்ணி முத்து முத்தா இருந்தா, இன்னும் காயலைன்னு அர்த்தம்."

"சரி, இந்தப் பழைய பெயிண்டையாவது இப்பவே சுரண்டிடுறேன்."

"வேண்டாம் தங்கச்சி! குழந்தை தரையில தவழுது. முதல்ல அதை வெளிய கொண்டு போங்க."

பெயிண்டர் ஏன் தடுத்தார்? பழைய எண்ணெய் பெயிண்ட் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. மஞ்சள், சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறங்களில் அது அதிகம். காய்ந்த பெயிண்டைச் சுரண்டினால் தூள் பறக்கும். தூள் தரையில் படியும். குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். ஈயம் உடலுக்குள் போகும். அது குழந்தையின் மூளையைப் பாதிக்கும். படிப்பில் பின்தங்க வைக்கும். இரத்த சோகையும் வரலாம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் அது கெடுதல்.

அதனால் இப்படிச் செய்ய வேண்டும்:

1. கூரை ஒழுக்கையும் குழாய்க் கசிவையும் முதலில் அடைக்க வேண்டும்.
2. சுவரை நன்றாகக் காயவிட வேண்டும்.
3. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு இடத்தில் இருக்க வேண்டும். பாத்திரம், அரிசி, துணி எல்லாவற்றையும் மூட வேண்டும்.
4. பழைய பெயிண்டை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். தண்ணீரில் தேய்க்கும் உப்புத்தாள் கடையில் கிடைக்கும்.
5. தூளைப் பெருக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். உரிந்ததைப் பையில் கட்டிப் போட வேண்டும்.
6. சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

தேய்த்த இடம் மறுபடி காய்ந்த பிறகே வண்ணம் அடிக்கலாம். எந்தச் சுவருக்கு எது? செங்கல் சுவருக்குச் சுண்ணாம்பு மலிவு. பூஞ்சையையும் அடக்கும். சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு, ஒரு நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். கொஞ்சம் கோந்து சேர்த்தால் ஒட்டும். சுண்ணாம்பு நீறும்போது கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். எண்ணெய் பெயிண்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது.

தகரத்தில் துருவைத் தேய்த்து எடுத்து, ரெட் ஆக்சைடு அடித்து, பிறகு பெயிண்ட் அடிக்க வேண்டும். பிளைவுட்டுக்கு மரத்துக்கு உரிய பிரைமர் வேண்டும்.

இப்போது சட்டமும் துணை நிற்கிறது. 2016-இல் மத்திய அரசு ஒரு விதி செய்தது. அது 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. டப்பாவிலும் அதை எழுத வேண்டும். வாங்கும் முன் 90 என்ற எண்ணைத் தேடிப் படியுங்கள். படிக்கக் கற்றது குழந்தையைக் காக்கும்.

பேசிப் பாருங்கள்

1. போன ஆண்டு அடித்த பெயிண்ட் ஏன் உரிந்தது?
2. பழைய பெயிண்டை ஏன் நனைத்துத் தேய்க்க வேண்டும்?
3. உங்கள் வீட்டுச் சுவர் எதனால் ஆனது? அதற்கு எது ஏற்றது?