கம்பம் ஏறும் கணக்கு

எங்கள் தோப்பில் 70 தென்னை. 45 நாளைக்கு ஒருமுறை காய் போட வருகிற மரமேறி, மூன்று வருடம் முன்னால் ஐப்பசி மழையில் ஈர மரத்தில் கால் வழுக்கி விழுந்தார். பாதி மரம் இறங்கிவிட்டதால் உயிர் தப்பியது, இடுப்பெலும்பு போனது. அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறான். "நான் ஏற மாட்டேனுங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. உங்கள் தோப்பிலும் இதே கதைதான் நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

போன வருடம், பொறியியல் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி போன் போட்டாள். "அப்புச்சி, கம்பம் ஏறுற ரோபோ போட்டிக்குப் பேர் குடுத்திருக்கோம். கெணத்து மேட்டுல சும்மா கெடக்குற ஜிஐ பைப்பை நட்டு வெச்சுத் தருவீங்களா?" விதி எளிது. மூன்று மீட்டர் இரும்புக் குழாய். பொறியின் எடை 3 கிலோவைத் தாண்டக்கூடாது. ஏறி, உச்சியைத் தொட்டு, இறங்க வேண்டும். குறைந்த நேரம் எடுத்தவர் ஜெயித்தார். இந்த மாதிரிப் போட்டி புதிதல்ல. 2016-ல் பாங்காக்கில் நடந்த ஏபியு ரோபோகான் மாணவர் போட்டியிலேயே, காற்றாலைக் கம்பத்தில் ஏறி விசிறியை மாட்டுவதுதான் கடைசிக் கட்டம்.

நான்கு பிள்ளைகள் வந்து திண்ணையில் பட்டறை போட்டார்கள். நான் வங்கியில் 34 வருடம் கணக்குப் பார்த்தவன், சும்மா இருக்க முடியவில்லை. அவர்களிடம் படித்ததை நம் உழவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

முதல் விஷயம் பிடிப்பு. ரப்பர் சக்கரத்தை இரும்பின் மேல் 10 கிலோ அழுத்தத்தில் அமுக்கினால், சுமாராக 6 கிலோ வரை வழுக்காமல் தாங்கும். பிள்ளைகள் முதலில் செய்த பொறியில் குழாய்க்கு இரண்டு பக்கமும் சக்கரம், நடுவே ஸ்பிரிங். ஆனால் மோட்டார் ஒரு சக்கரத்துக்குத்தான். ஸ்பிரிங் 5 கிலோ அமுக்கியது. அப்படியானால் தாங்குவது 3 கிலோ. பொறியின் எடையும் 3 கிலோ. நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றியது, ரப்பர் வாசனை வந்ததுதான் மிச்சம். ஸ்பிரிங்கை 10 கிலோவுக்கு இறுக்கினார்கள். ஏறியது, ஆனால் சக்கரம் நசுங்கி, மோட்டார் தொட முடியாத அளவுக்குச் சூடாகிவிட்டது. கடைசியில் இரண்டு சக்கரத்துக்கும் மோட்டார் வைத்தார்கள். அதே 5 கிலோ அழுத்தத்தில் இப்போது 6 கிலோ தாங்கியது.

எடை 3 கிலோதானே, 6 எதற்கு என்று கேட்டேன். "கெளம்பும்போது எடை கூடும் அப்புச்சி" என்றாள். நின்ற பொறி கால் நொடியில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தைப் பிடிக்க வேண்டுமானால், அந்தக் கால் நொடிக்கு அதன் எடை ஏறக்குறைய நாலேகால் கிலோ மாதிரி இழுக்கும். லிப்ட் கிளம்பும்போது பாதம் அமுங்குகிறதே, அதேதான்.

அடுத்தது வேகம். 5 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் 15.7 செ.மீ. போகும். நொடிக்கு ஒரு மீட்டர் ஏற, நிமிடத்துக்கு 380 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். இழுவையோ 3 கிலோ எடையை 2.5 செ.மீ. ஆரத்தால் பெருக்கினால் 7.5 கிலோ-செ.மீ. மோட்டார் கடையில் இந்தக் கணக்கில்தான் விற்கிறார்கள். சக்கரத்தைப் பெரிதாக்கினால் குறைந்த சுற்றில் அதே வேகம் வரும், ஆனால் இழுவை அதே அளவுக்குக் கூடுதலாக வேண்டும். சைக்கிளில் மேட்டில் ஏறியவருக்கு இது தெரியும். மின்சாரக் கணக்குப் பார்த்தால், 3 கிலோவை நொடிக்கு ஒரு மீட்டர் தூக்க 30 வாட். உராய்விலும் பல்சக்கரத்திலும் பாதி போகும் என்று வைத்தால் 60 வாட், 12 வோல்ட் பேட்டரியில் 5 ஆம்பியர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மோட்டார் அட்டையில் போட்டிருக்கும் சுற்று, சுமையே இல்லாமல் ஓடும்போது வருவது. கடன் மனுவோடு வருகிற திட்ட அறிக்கையில் ஏக்கருக்கு இத்தனை மகசூல் என்று போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. பிள்ளைகள் 400 சுற்று மோட்டாரை நம்பி வாங்கி ஏமாந்து, பிறகு 600 சுற்று வாங்கினார்கள்.

இவ்வளவு செய்தும் 11 நொடி ஆனது. பொறி ஏறும்போதே கம்பத்தைச் சுற்றிச் சுழன்றது. சக்கரம் ஒரு நூல் கோணலாக இருந்தாலும் திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டே போகும். நடுவில் குழிந்த, உடுக்கை வடிவச் சக்கரம் கடைந்து போட்டபிறகுதான் அது நின்றது.

ஒருநாள் அந்த மரமேறியும் வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "அம்மணி, பாரத்தைக் கம்பத்தோட ஒட்டி வெச்சிருக்கீங்க. வெளிய தள்ளி வெய்யுங்க. நாங்க ஒடம்பை வெளிய சாச்சாத்தானுங்க காலு மரத்தைக் கவ்வும்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று ராத்திரி முழுக்கக் கணக்குத்தான். மரமேறியின் கை மரத்துக்குப் பின்பக்கம் இழுக்கிறது, தளைக்கயிறு போட்ட கால் முன்பக்கம் அமுக்குகிறது. அப்படியே மேல் சக்கரம் கம்பத்தின் பின்பக்கம், கீழ்ச் சக்கரம் முன்பக்கம், இரண்டுக்கும் 12 செ.மீ. உயர வித்தியாசம். பேட்டரியும் மோட்டாரும் கம்பத்தின் நடுவிலிருந்து 15 செ.மீ. முன்னால் தொங்குமாறு வைத்தார்கள். இப்போது பொறியின் எடையே சக்கரங்களை அமுக்குகிறது. எடையை 15-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் அழுத்தம் 3.75 கிலோ. தாங்குவது நாலரைக் கிலோ. எடை கூடினால் பிடிப்பும் கூடும், எப்போதும் ஒன்றரை மடங்கு இருக்கும். ஸ்பிரிங் பேருக்கு ஒன்று போதும். மோட்டாருக்கு வீண் சுமை போனது. நாலரை நொடியில் ஏறியது.

இறங்குவதற்கு மோட்டாரின் இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடுகிறார்கள். மோட்டாரே டைனமோ ஆகி, விழுகிற வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது.

போட்டியன்று முதல் வாய்ப்பில் பாதிக் கம்பத்தில் வழுக்கிவிட்டது. காரணம் நம் தோட்டத்துச் செம்மண் தூசி, சக்கரத்தில் அப்பியிருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு இரண்டாம் வாய்ப்பில் ஏற்றினார்கள். நான்காம் இடம்.

சரி, இதைத் தென்னையில் ஏற்றலாமா? நேராக முடியாது. விழுந்த மரம் ஒன்றை அளந்து பார்த்தேன். இடுப்பு உயரத்தில் சுற்றளவு 96 செ.மீ., கொண்டைக்குக் கீழே 62. குழாய் மாதிரி ஒரே அளவு இல்லை, வளைவு வேறு. மழையில் பாசி பிடித்தால் ரப்பர் தாங்காது. ஒரு பையன் சக்கரத்தில் ஆணி வைக்கலாம் என்றான். கூடவே கூடாது என்றேன். மரத்தில் காயம் பட்டால் அந்த வாசனைக்கே சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும், பிறகு மரமே இருக்காது. ஆனால் பாரத்தை வெளியே தொங்கவிடும் முறை மரம் சிறுத்தாலும் வேலை செய்யும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கிய மரம் ஏறும் பயிற்சியில் கற்றுத்தருகிற, காலால் மிதித்து ஏறும் கருவியும் இப்படி நம் எடையை வைத்தே மரத்தைக் கவ்வுகிறது. 20 கிலோ பொறி நொடிக்குக் கால் மீட்டர் ஏற, 50 வாட்டை இரண்டு மடங்காக்கி 100 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். அது பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம் மேலே போனபிறகுதான். எந்தக் குலை முற்றியது, எந்த மட்டையில் காண்டாமிருக வண்டு ஓட்டை போட்டிருக்கிறது, பன்னாடையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் மரமேறியின் கண்ணுக்குத்தான் தெரியும். சக்கரத்துக்குத் தெரியாது.

போன மாதம் பேத்தி தன் போனைத் தொரட்டியின் நுனியில் கட்டிக் குட்டை மரத்தின் கொண்டைக்கு நீட்டினாள். கீழே கட்டிலில் என் போனில் வீடியோ வந்தது. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "வடக்கத்திக் குலைய விட்டுருங்க அம்மணி, இன்னும் பத்து நாள் போகோணும்" என்றார். பெரிய சட்டம் செய்ய இப்போது இரும்பு வாங்கப் போயிருக்கிறார்கள். உங்கள் தோப்பில் விழுந்த மரம் இருந்தால், அடியிலும் நடுவிலும் கொண்டைக்குக் கீழும் சுற்றளவை அளந்து இதழ் முகவரிக்கு எழுதுங்கள். சட்டத்தை எத்தனை அகலம் விரிகிற மாதிரி செய்வது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.