கல்விக் கடனும் பொருள் வரைதலும்

காரைக்குடிக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குன்றக்குடி. அவ்வூரின் ஞானியார் மலையில், இயற்கையாய் அமைந்த குகைத்தளத்தில் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் காணப்படுகின்றன. நம் சமண முனிவர்கள் தங்கித் தவம் இயற்றிய இடம் அது. அத்தகைய உறைவிடத்தைப் பள்ளி என்பர். கல்விக்கூடத்திற்கும் அதே பெயர்தான் வழங்குகிறது. உடைமை ஏதுமின்றி வாழ்ந்தோரின் உறைவிடப் பெயரைத் தாங்கிய கல்வியை, இன்று நாம் உடைமையை விற்றும் கடன்பட்டும் பெற வேண்டியதாகிவிட்டது.

வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் நம்மவருள் பலர் நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள். தேர்வு முடிவு வந்ததும் "எந்தக் கல்லூரி?" என்று கேட்கிறோம். "எவ்வளவு கடன்? அதை யார், எத்தனை ஆண்டுகளில் அடைப்பது?" என்ற வினா, கையொப்பம் இட்ட பின்னரே நினைவுக்கு வருகிறது. இவ்விதழில் அவ்வினாவை முதலில் வைத்து ஆராய்வோம்.

அறுதொழிலும் அறத்தொழிலே

ஆதிபகவனாகிய விருஷபதேவர் மக்கள் வாழும்பொருட்டு வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என அறுவகைத் தொழில்களை வகுத்தருளினார் என்பது நம் ஆகம மரபு. இவற்றுள் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தினார் என்று எங்கும் கூறப்படவில்லை. கைத்திறன் சார்ந்த சிற்பமும் எழுத்தோடு ஒக்க எண்ணப்பட்டது. பட்டம் பெற்றவனே மதிக்கத்தக்கவன் என்னும் எண்ணம் நம் மரபிற்குப் புறம்பானது.

மேலும், இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று, பொருளுக்கு எல்லை வரைந்து வாழ்தல். ஈட்டும் பொருளுக்கு மட்டுமே இது பொருந்தும் எனக் கருதுதல் தவறு. கடனும் ஆசையின் அளவே ஆகும். ஆகவே அதற்கும் எல்லை வரைதல் வேண்டும்.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒரு மாணவர் நான்காண்டுப் பொறியியல் படிப்பிற்கு ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் வீதம் ரூ.6 லட்சம் கடன் பெறுகிறார் என்று கொள்வோம். வட்டி 10 விழுக்காடு. படிப்புக் காலத்திலும், அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆயினும் அந்நாளெல்லாம் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஐந்தாண்டு முடிவில் வட்டி ரூ.2.1 லட்சம் சேர்ந்து, கடன் ரூ.8.1 லட்சமாக நிற்கும்.

இதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ ரூ.10,700. மொத்தம் கட்டுவது ரூ.12.8 லட்சத்திற்கு மேல். பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டால் தவணை ரூ.8,700 ஆகக் குறையும். ஆனால் மொத்தம் ரூ.15.6 லட்சத்தைத் தாண்டும். முதல் வேலையில் மாதம் ரூ.20,000 பெறுபவர்க்குப் பத்தாண்டுத் தவணை சம்பளத்தில் பாதிக்கு மேல். வீட்டு வாடகை, உணவு, தங்கை திருமணம், பெற்றோர் மருத்துவம் ஆகியவற்றிற்கு எஞ்சுவது என்ன?

படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டிவந்தால் நிலைமை மாறும். முதலாண்டில் மாதம் ரூ.1,250, நான்காம் ஆண்டில் ரூ.5,000. இவ்வாறு கட்டினால் பின்னாளில் பத்தாண்டுத் தவணை ரூ.7,930 அளவிற்குக் குறையும். மொத்தத்தில் சுமார் ரூ.1.2 லட்சம் மிஞ்சும். வட்டியைக் கட்ட இயலாத குடும்பம், கடனின் அளவையே குறைக்க வழி தேடுதல் நன்று. தவணை, எதிர்பார்க்கும் முதற்சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கிற்குள் அடங்குவதை எல்லையாக வரைந்துகொள்ளலாம் என்பது நம் கருத்து. எதிர்பார்க்கும் சம்பளத்தைக் கல்லூரி விளம்பரத்திலிருந்து எடுத்தல் கூடாது. அங்கே அண்மையில் படித்து முடித்த ஐந்தாறு பேரை விசாரித்து அறிதல் வேண்டும்.

வேறு வழிகள்

பத்தாம் வகுப்பு முடித்தவர் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேர்ந்து, பத்தொன்பது வயதிற்குள் வேலைக்குத் தகுதி பெறலாம். விரும்பினால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஓராண்டுக் கட்டணம் மிச்சம். வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் பி.இ. பயில்வாரும் உளர். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்று, 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி உதவித்தொகையுடன் தொழிற்சாலையில் பழகுதல் மற்றொரு வழி. இவ்வழிகளில் கற்றவர் கடன்காரராக அன்றி, ஈட்டுபவராக வாழ்வைத் தொடங்குகிறார்.

மருத்துவம், ஆராய்ச்சி போன்றவற்றிற்குப் பட்டம் இன்றியமையாதது. தகுதியும் ஆர்வமும் உள்ள பிள்ளையைக் கடனுக்கு அஞ்சித் தடுத்தலும் பிழையே. அத்தகையோர் கலந்தாய்வின் வழி அரசுக் கல்லூரியையும், வீட்டிலிருந்து சென்றுவரத்தக்க கல்லூரியையும் முதலில் நாடுதல் நலம். விடுதிச் செலவு பல வேளைகளில் கல்விக் கட்டணத்திற்கு ஈடாகிவிடுகிறது.

அறிந்திருக்க வேண்டிய உதவிகள்

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி ரூ.7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. ஆகவே சிறு கடனுக்காக நிலப் பத்திரத்தைக் கொடுக்க முன்வரும் முன் விசாரித்தல் வேண்டும். பெற்றோரும் கூட்டுக் கடன்தாரர் ஆவர் என்பதை மறத்தலாகாது. தவணை தவறினால் அவர்தம் கடன் வரலாறும் கெடும்.

ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்திற்கு உட்பட்ட குடும்பத்து மாணவர், தகுதி பெற்ற நிறுவனங்களில் தொழிற்கல்வி பயின்றால், படிப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு, கலந்தாய்வின் வழிச் சேர்ந்தால், தமிழக அரசின் கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோர் இத்தகைய சலுகைகளை இழக்க நேரிடும். 2014 ஜனவரியில் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். எனவே தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் வழியாகக் குறைந்த வட்டிக் கல்விக் கடனுக்கும் நம்மவர் விண்ணப்பிக்கலாம்.

சாத்திர தானம்

குன்றக்குடிச் சூழலே நமக்கு இரு பாடங்களைக் கற்பிக்கிறது. 1947இல் வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். பின்னர் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்திற்கென 300 ஏக்கர் நிலமும் ரூ.15 லட்சமும் வழங்கினார். ஒருவர் ஈந்த பொருள் சுற்றுப்புற ஊர்ப் பிள்ளைகளுக்கு அண்மையிலேயே கல்வியாயிற்று. குன்றக்குடி அடிகளாரோ 1970களில் தம் ஊருக்கெனத் திட்டம் வகுத்து, அதே ஆய்வு நிறுவனத்தின் துணையோடு ஊரிலேயே சிறுதொழில்கள் அமைய வழிகண்டார். கல்வியும் தொழிலும் பகையல்ல என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

உணவு, மருந்து, சாத்திரம், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களை நாம் அறிவோம். ஊர்தோறும் ஜினாலயத் திருவிழாச் செலவில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஓர் ஏழை மாணவரின் படிப்புக் கால வட்டியை மட்டும் ஏற்றுக்கொண்டாலும் அது சாத்திர தானமே.

சிந்திக்க

1. நம் பிள்ளையின் விருப்பத்தை அவனிடம் அல்லது அவளிடமே கேட்டோமா?
2. மாதத் தவணையைத் தாளில் எழுதிப் பார்த்தோமா?
3. வேலை கிடைக்க ஈராண்டு தாமதமாயின் கட்டுபவர் யார்?
4. அக்கம்பக்கத்தார் மதிப்பிற்காக இப்படிப்பைத் தேர்ந்தோமா?

இவ்வினாக்களுக்குக் குடும்பத்தார் ஒருங்கே அமர்ந்து விடைகண்ட பின்னர் விண்ணப்பத்தில் கையொப்பம் இடுவோமாக. அறம் வளர்க!