வில்லைப் பிடிக்காதீர்கள்... தாங்குங்கள்!

"பையனை வில்வித்தை வகுப்புல சேர்த்தோம். ரெண்டு மாசமா முழங்கை வலிக்குதுன்னு சொல்றான். நாணை இழுக்கிற கை வலிச்சாலாவது அர்த்தம் இருக்கு. இவனுக்கு வில்லைச் சும்மா பிடிச்சிட்டிருக்கிற கைதான் வலிக்குது!"

வில்வித்தை கற்கும் பிள்ளைகளின் வீட்டில் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. பதில் அந்தப் புலம்பலுக்குள்ளேயே இருக்கிறது. 'பிடிச்சிட்டிருக்கிற' என்கிறார்கள் பாருங்கள், அந்தப் பிடிதான் குற்றவாளி!

பிடித்தால் ஏன் வலி?

இப்போதே ஒரு சின்ன சோதனை. இடது கையை நீட்டி, முஷ்டியை நன்றாக இறுக்குங்கள். வலது கையால் இடது முழங்கைக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத் தசையைத் தொட்டுப் பாருங்கள். கல் மாதிரி இருக்கிறதா?

விரல்களை மடக்கும் தசைகள் முன்னங்கையின் உட்புறம் இருக்கின்றன. அவை இழுக்கும்போது மணிக்கட்டும் சேர்ந்து மடங்கப் பார்க்கும். அதைத் தடுத்து மணிக்கட்டை நிமிர்த்தி வைப்பது முன்னங்கையின் பின்புறத் தசைகளின் வேலை. அவற்றில் பலவும் முழங்கையின் வெளிப்புற எலும்பில்தான் வேர் விட்டிருக்கின்றன. ஆகவே எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ, அவ்வளவு இழுபடுவது அந்த வேர்தான். 'டென்னிஸ் எல்போ' என்கிற வலி அங்கேதான் வருகிறது. பெயர்தான் டென்னிஸ். ஓயாமல் துணி பிழிகிறவர்களுக்கும் வரும், வில்லை இறுக்குகிறவர்களுக்கும் வரும்!

விட்டால் வில் விழுந்துவிடாதா?

இந்தப் பயம்தான் எல்லோரையும் இறுக்கிப் பிடிக்க வைக்கிறது. நாணை இழுத்திருக்கும்போது வில் எங்கே போகும்? 20 பவுண்டு வில்லை முழுக்க இழுத்தால், ஏறத்தாழ 9 கிலோ எடையின் விசையோடு வில் உங்கள் உள்ளங்கையில் வந்து அழுந்துகிறது. அதுவே உங்கள் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது! விரல்கள் தனியாகப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. கை ஒரு முட்டுக்கட்டையாக நின்றால் போதும்.

இறுக்கினால் வலி மட்டுமல்ல, குறியும் தப்பும். இறுகிய கை வில்லைத் தன்னையறியாமல் ஒரு பக்கமாகத் திருகும். நாண் விடுபட்டதும் அந்தத் திருகல் வெளிப்பட்டு, அம்பு பக்கவாட்டில் விலகிப் போகும்.

மூங்கில் வில்லில் கூடுதல் கவனம்

ஒலிம்பிக்கில் பார்க்கிற நவீன வில்லின் கைப்பிடியைக் கைக்குத் தகுந்த மாதிரி செதுக்கியிருப்பார்கள். நம் பாரம்பரிய மூங்கில் வில் அப்படியல்ல. கைப்பிடி ஒரு கம்பு மாதிரிதான் இருக்கும். கம்பைக் கண்டால் கை என்ன செய்யும்? துடைப்பத்தைப் பிடிப்பது போல் சுற்றி வளைத்துப் பிடிக்கும்!

நம் நாட்டின் தேசியப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்ட்' என்று மூங்கில் வில்லுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ராஞ்சி அருகே பிறந்த தீபிகா குமாரியும் முதலில் பழகியது மூங்கில் வில்லில்தான். 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் தனிநபர், அணி என்று இரண்டு தங்கம் வென்றார். எனவே 'மூங்கில் வில்தானே' என்று அலட்சியம் வேண்டாம். அதில் கை சரியாகப் பழகுவது நல்ல அஸ்திவாரம்.

சரியான பிடி: ஐந்து படிகள்

இவை வலது கையால் நாண் இழுப்பவர்களுக்கு. இடது கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளவும்.

1. பஸ்ஸை நிறுத்தச் சொல்வது போல் இடது கையை முன்னால் நீட்டுங்கள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, உண்டிவில்லின் கவட்டை போல ஓர் இடுக்கு தெரிகிறதல்லவா? வில்லின் கைப்பிடி அங்கேதான் வந்து உட்கார வேண்டும்.

2. உள்ளங்கையில் எங்கே அழுத்தம் விழ வேண்டும்? கைரேகை பார்ப்பவர்கள் 'சுக்கிர மேடு' என்பார்களே, பெருவிரலின் அடியில் உள்ள அந்தச் சதைப் பகுதியில். ஆயுள் ரேகைதான் எல்லைக்கோடு. அதைத் தாண்டி உள்ளங்கையின் நடுவுக்கோ, சுண்டுவிரல் பக்கத்துக்கோ வில் போகக் கூடாது.

3. விரல் முட்டிகள் நேர்க்கோட்டில் நிற்க வேண்டாம். ஆள்காட்டி விரலின் முட்டி மேலே வில்லை ஒட்டியும், சுண்டுவிரலின் முட்டி கீழே இடப்புறமாக விலகியும், ஏறத்தாழ 45 டிகிரி சாய்வாக இருக்கட்டும். இப்படி வைத்தாலே முஷ்டியாக இறுக்குவது கஷ்டம்.

4. விரல்கள் கைப்பிடியை லேசாகத் தொட்டால் போதும். பொரித்த அப்பளத்தை எப்படிப் பிடிப்போம்? நொறுங்கவும் கூடாது, நழுவவும் கூடாது. அதே பக்குவம்தான்.

5. மணிக்கட்டு நேராக இருக்கட்டும். அது உள்பக்கமாகச் சரிந்தால், திரும்பி வரும் நாண் முன்னங்கையில் சுளீரென்று அறையும். முழங்கையின் முனை தரையைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கட்டும். இதை வீட்டிலேயே பழகலாம். சுவரில் உள்ளங்கையை ஊன்றி, கையை அசைக்காமல் முழங்கையை மட்டும் திருப்புங்கள். தினமும் பத்து முறை போதும்.

அம்பை விட்ட பிறகுதான் வில் கையிலிருந்து நழுவப் பார்க்கும். ஆனால் அம்பு நாணை விட்டு விலக, கண் ஒருமுறை இமைக்கும் நேரம்கூட ஆகாது. வில்லைப் பிடிக்க அவசரமே இல்லை. அம்பு போய்த் தைக்கும் வரை கை அப்படியே நிற்கட்டும். பயமாக இருந்தால், ஒரு ஷூ லேஸின் இரு முனைகளிலும் சுருக்குப் போட்டு, வில்லின் முன்பக்கமாகச் சுற்றிப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மாட்டிக்கொள்ளலாம். வில் விழாது, மனசும் பதறாது.

ஜப்பானியர்கள் என்ன செய்கிறார்கள்?

ஜப்பானின் பாரம்பரிய வில்வித்தையான 'கியூடோ'வில் வில்லைத் தாங்கும் முறைக்கே 'தெ-நோ-உச்சி' என்று தனிப் பெயர். உள்ளங்கையின் உட்புறம் என்று பொருள். தேர்ந்தவர்கள் அம்பை விட்டதும் வில் கைக்குள்ளேயே சுழன்று, நாண் கையின் வெளிப்பக்கத்துக்கு வந்து நிற்கும். கை இறுக்கமாக இருந்தால் வில் சுழலவே சுழலாது. அவர்கள் நாணை இழுப்பதே வேறு விதம், பெருவிரலால் இழுப்பார்கள். ஆனால் வில் தாங்கும் கை இறுகக் கூடாது என்பது அங்கேயும் இதே பாடம்தான்!

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா, அப்பாவுக்கு வில்வித்தை தெரிய வேண்டியதில்லை. பிள்ளையின் நகத்தைப் பார்த்தால் போதும். நாண் இழுத்திருக்கும்போது விரல் நுனி வெளுத்துப் போயிருந்தால், இறுக்கிப் பிடித்திருக்கிறான் என்று அர்த்தம்.

பயிற்சி முடிந்ததும் உள்ளங்கையைக் காட்டச் சொல்லுங்கள். வில் அழுந்திய சிவப்புத் தடம் சுக்கிர மேட்டில் இருந்தால் சரி. நடுவிலோ, சுண்டுவிரல் பக்கமோ இருந்தால் பயிற்சியாளரிடம் சொல்லித் திருத்துங்கள். அந்த இடங்களில் விரல்களுக்குப் போகும் நரம்புகள் இருக்கின்றன. தொடர்ந்து அழுந்தினால் மரத்துப்போகும்.

வில்லின் பலமும் முக்கியம். தொடக்கத்தில் சிறுவர்களுக்கு 10 முதல் 15 பவுண்டு போதும். பலத்துக்கு மீறிய வில்லைக் கொடுத்தால் பிடி தானாக இறுகும்.

எளிய வில்லில் அம்பு வைக்கத் தனி இடம் இருக்காது, கை மேலேயே அமரும். அதன் இறகுத் தண்டின் முன்முனை தோலைக் கீறலாம். அங்கே நூல் சுற்றி வழவழப்பாக்கச் சொல்லுங்கள். 'ஆர்ம் கார்டு' எனப்படும் முன்னங்கைக் கவசம் இல்லாமல் அனுப்பாதீர்கள். வீட்டில் அம்பு வைத்துப் பழகவே கூடாது. அம்பில்லாமல் வெறும் நாணை இழுத்து விடுவதும் தப்பு, வில் பிளந்துவிடும்.

முழங்கையின் வெளிப்புறத்தில் வலி, தண்ணீர் நிரம்பிய சொம்பைத் தூக்கச் சிரமம், விரல்களில் மதமதப்பு - இவற்றில் ஏதாவது இருந்தால் வில்லைக் கீழே வைத்து ஓய்வு கொடுங்கள். சில நாட்களில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். 'பழகப் பழகச் சரியாயிடும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தப்பான பிடியோடு பழகப் பழக, வலிதான் நிரந்தரமாகும்!