கோப்பிக்கு முன் ஒரு மாத்திரை

என் தைராய்டை முதலில் கண்டுபிடித்தது சிங்கப்பூர் தேக்காவில் புருவம் திருத்தும் பெண் என்றுதான் சொல்ல வேண்டும். நூலைப் பல்லில் கடித்தபடியே, "அக்கா, ஓரத்துல எடுக்க ஒண்ணுமே இல்லையே" என்றார். புருவத்தின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு மெலிவது தைராய்டு குறைவின் பழைய அடையாளங்களில் ஒன்று. எல்லாருக்கும் அப்படி ஆகாது, வயது கூடினாலும் மெலியும். ஆனால் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி, வறண்ட தோல், மலச்சிக்கல், பேருந்து ஏசியில் மற்றவர்கள் சும்மா இருக்க எனக்கு மட்டும் குளிர் என்று பலதும் இருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு கிடைக்கும். சேர்த்துப் பார்த்தால் ரத்தம் கொடுத்துப் பார்ப்பதே நல்லது.

பலதுறை மருந்தகத்தில் பார்த்தது டிஎஸ்எச், ஃப்ரீ டி4 இரண்டையும்தான். டிஎஸ்எச் என்பது தைராய்டை வேலை வாங்க மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன். டி4 தைராய்டே சுரக்கும் ஹார்மோன். தைராய்டு சோம்பினால் டிஎஸ்எச் ஏறும். பொதுவாக 4 வரை சரி என்பார்கள்; எனக்கு 20ஐத் தாண்டியிருந்தது. 5, 6 என்று லேசாக ஏறியிருப்பதைக் காட்டி 'அதனால்தான் முடி போச்சு' என்று முடிவு கட்டிவிட முடியாது. அந்த அளவில் பலருக்கு மாத்திரையே தேவைப்படாது. சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

எனக்கு ஹாஷிமோட்டோ. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் ஊர்களில் இதுதான் முதன்மைக் காரணம். உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் இந்த நோயை, ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912இல் நான்கு பெண்களிடம் கண்டு எழுதினார். உப்பை மாற்றினால் சரியாகும் சமாசாரம் இல்லை இது. கடற்பாசி மாத்திரை வாங்கி விழுங்கினால், அயோடின் அளவு மீறி நிலைமை மோசமாகவும் ஆகலாம்.

கும்பகோணத்திலிருந்து அம்மா ஃபோனில், "கரிசலாங்கண்ணி போட்டு எண்ணெய் காய்ச்சித் தடவுடி, எல்லாம் நின்னுடும்" என்றார். தடவினேன், தலைக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் முடிவேர் வளர்வதும் ஓய்வெடுப்பதும் ரத்தத்தில் வரும் ஹார்மோனைப் பொறுத்தது. தலைமுடியில் சுமார் 85 முதல் 90 விழுக்காடு எப்போதும் வளரும் கட்டத்தில் இருக்கும். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அதிக வேர்கள் ஓய்வுக்குப் போய்விடும். அடுத்த முடி முளைக்கவும் தாமதமாகும். ஓய்வுக்குப் போன முடி அன்றே உதிர்வதில்லை, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கையோடு வரும். போன மாத ஏசிக்கு இந்த மாதம் கரண்ட் பில் வருகிற மாதிரி.

இது தெரியாமல்தான் பலர் மாத்திரையைக் குறை சொல்கிறார்கள். சிலோன் சாலை செண்பக விநாயகர் கோயில் வாசலில் ஒரு அக்கா, "மாத்திரை போட்டப்புறம்தான்மா ஜாஸ்தி கொட்டுது" என்று நிறுத்திவிடப் பார்த்தார். அந்த வாரம் உதிர்வது மாத்திரைக்கு முன்பே ஓய்வுக்குப் போன முடியாக இருக்கலாம். டிஎஸ்எச்சையே ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி பார்க்கிறார்கள். முடி அதற்கும் பின்னால்தான் வரும். மாதத்துக்கு ஒரு செண்டிமீட்டர் வளர்கிற பொருள் அது. குளியலறை வடிகாலில் சேர்வதை எண்ணுவதை விட்டுவிட்டேன். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி யாருக்கும் உதிரும். முன் வகிட்டை மாதம் ஒரு முறை ஒரே விளக்கடியில் ஃபோட்டோ எடுத்து வைத்தேன். நெற்றி ஓரத்தில் குட்டை முடிகள் நிமிர்ந்து நின்றது அதில்தான் தெரிந்தது.

இனி மாத்திரை. தைராய்டு குறைவுக்குத் தரும் லெவோதைராக்ஸினை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போட வேண்டும். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. நான் இருக்கும் காத்தோங்கில் இது லேசான காரியமல்ல. ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் காலையிலேயே காயா டோஸ்ட் மணக்கும். கோப்பி மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கும், பால் ஊற்றாத கோப்பி ஓவும் அப்படித்தான். சோயா பாலும் தடுக்கும். நான் கண் விழித்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடற்கரைப் பூங்கா வரை நடந்துவிட்டு வருவேன். கோப்பிக்கடை வாசலுக்கு வரும்போது நேரம் சரியாக இருக்கும். காலையில் முடியாதவர்கள், டாக்டரிடம் கேட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரமாவது கழித்துப் போடலாம். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரை அட்டையைக் குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள், நம்மூர் ஈரப்பதம் அதற்கு ஆகாது.

மருந்துக்கடையில் 'முடிக்கு' என்று விற்கும் பயோட்டின் மிட்டாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பெரிய லாபமில்லை. அதோடு, சில ஆய்வுக்கூட முறைகளில் அது டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டும். தைராய்டு கூடிவிட்டது என்று நினைத்து டோஸைக் குறைத்தால் என்னாகும்? ஆய்வு முடிவுகளை பயோட்டின் கெடுப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பாவது நிறுத்துங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

தைராய்டு சரியாகியும் உதிர்வு நிற்கவில்லையென்றால், உடலின் இரும்புச் சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைவில் மாதவிடாய் அதிகம் போகலாம், இரும்புச் சத்தும் அதோடு போய்விடும். காசு அளவில் வட்டம் வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது வேறு நோய். ஹாஷிமோட்டோ உள்ளவர்களிடம் சற்றுக் கூடுதலாகவே வரும். அதற்குத் தோல் மருத்துவர்தான். மண்டலே சாலையில் இருக்கும் தேசியத் தோல் நிலையத்துக்கு நேரே போகாமல், பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். அப்போதுதான் மானியக் கட்டணம் கிடைக்கும்.