மாடித் தோட்டத்து ஆர்க்கிடும் வீடியோ வர்த்தகமும்

தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் ஒருங்கே பெறும் திருவனந்தபுரத்தின் ஈரக்காற்று, ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த டென்ட்ரோபியம் செடிகளுக்கு மிகவும் இசைவானதாகையால், இந்நகரின் இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்களும் மொட்டைமாடியில் நிழல்வலை கட்டி அச்செடிகளை வளர்ப்பதைப் பல்லாண்டுகளாகவே ஒரு பிரியமான பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார்கள். ஐயம் கேட்டுத் தெளிய வெள்ளாயணியில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. கண்ணாரக் கண்டு மகிழப் பாலோட்டில் 1979ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. கனகக்குன்று அரண்மனை வளாகத்து மலர்க் கண்காட்சிகளோ ஊரையே கூட்டிவிடுகின்றன. இத்தனை அனுகூலங்களும் வாய்த்த ஓர் ஊரில், செடி வளர்க்கத் தெரிந்த ஒருவர் கையிலிருக்கும் தொலைபேசியைத் துணையாகக் கொண்டு தம் ஆசையை ஜீவனோபாயமாக ஆக்கிக்கொள்வது எங்ஙனம் என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். சமையலோ தையலோ கைவேலையோ எதுவாயினும் இதன் பெரும்பகுதி பொருந்தும். ஆயினும் ஒரு பொருளைப் பற்றி நின்று பேசினால்தான் விஷயம் விளங்கும்.

முதற்படி, கேமராவைத் தொடுவதற்கு முன்னரே ஆரம்பமாகிறது. ஒரு முழு ஆண்டு, அதாவது கோடையும் இரண்டு மழைகளும் அடங்கிய ஒரு சுற்று, செடிகளோடு பழகி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வாருங்கள். ஓட்டுத்துண்டும் அடுப்புக்கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் எந்த அளவில் கலந்தபோது வேர் செழித்தது, ஐம்பது சதவீத நிழல்வலை உங்கள் மாடிக்குப் போதுமானதாயிருந்ததா, ஜூன் மாதத்து விடாத தூறலில் எத்தனை செடிகளுக்குக் குருத்தழுகல் கண்டது, இரவில் வந்து வேர்நுனியைக் கடித்துப் போகும் நத்தைகளை எப்படி ஒழித்தீர்கள் என்பன போன்ற குறிப்புகளே பின்னர் உங்கள் வீடியோக்களின் உயிராகும். ஏனெனில் புத்தகத்தில் உள்ளதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்க, உங்கள் மாடியில் நடந்ததைச் சொல்ல உங்களைத் தவிர வேறொருவர் இல்லை.

அடுத்து, பொருளையும் மொழியையும் தீர்மானிக்க வேண்டும். தோட்டக்கலை முழுவதையும் பேசுகிறேன் என்று புறப்படுபவர் பெருங்கூட்டத்தில் தொலைந்துபோவார். மழை மிகுந்த ஊரில் ஆர்க்கிட் வளர்ப்பது என்று சுருக்கிக்கொள்பவரைத் தேடிக்கொண்டு அதே கவலையுள்ளவர்கள் வருவார்கள். மொழி விஷயத்தில் திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்கு ஒரு விசேஷச் சிரமம் உண்டு. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வளர்ந்தவர்களுக்குத் தமிழும் மலையாளமும் ஒருசேர நாவில் வருமாதலால், ஒரே வீடியோவில் இரண்டையும் கலந்துவிடும் இயல்பு ஏற்படுகிறது. இது வேண்டாம். ஒரு சேனலுக்கு ஒரு மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1956ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த கன்னியாகுமரி மாவட்டத்திலும் உங்களைப் போன்றே ஈரக்காற்றும் இருமழையும் உண்டாதலால், தமிழில் பேசுபவருக்கு முதல் ரசிகர்கள் பெரும்பாலும் அங்கிருந்தே கிடைப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

படம் பிடிப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விலையுயர்ந்த கேமரா ஆரம்பத்தில் அநாவசியம். நல்ல தொலைபேசி ஒன்றும், அதை அசையாது தாங்கும் முக்காலி ஒன்றும், சட்டையில் செருகிக்கொள்ளும் சிறு மைக் ஒன்றும் போதும். இம்மூன்றில் மைக்கையே முதலில் வாங்குங்கள். மாடியில் கடற்காற்று வீசும்போது தொலைபேசியில் பதிவாகும் இரைச்சல் உங்கள் பேச்சை விழுங்கிவிடும், படம் சுமாராக இருப்பதைப் பொறுத்துக்கொள்பவர்களும் பேச்சு கேட்காவிட்டால் போய்விடுவார்கள். காலை எட்டு மணிக்குள், வெயில் சாய்ந்து விழும்போது எடுங்கள். உதாரணமாக, டென்ட்ரோபியத்தின் முதிர்ந்த தண்டில் கணுவிலிருந்து முளைக்கும் கன்றைப் பிரிப்பதை எடுத்துக்கொள்வோம். பிரித்து நட்ட கன்று பூத்து நிற்பதை முதல் அரை நிமிஷத்துக்குள் காட்டிவிட வேண்டும். பிறகு கேமராவைக் கைக்கு ஒரு முழ தூரத்தில் கொண்டுவந்து, கன்றின் வேர்கள் இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, கத்தியைத் தீயில் காட்டித் துடைத்து, கணுவை ஒட்டி அறுத்து, வெட்டுவாயில் பூஞ்சாணக்கொல்லித் தூளைத் தடவி, சிறு தொட்டியில் கரித்துண்டுகளுக்கிடையே வேர் நெரியாமல் நிறுத்தி, ஆடாதிருக்க ஒரு குச்சியோடு கட்டுவது வரை இடைவிடாது காட்டுங்கள். அத்துடன், இதே முறையில் பிரித்தும் பிழைக்காமற்போன கன்று ஒன்றையும் எடுத்துக் காட்டி, வேர் போதிய அளவு வளருமுன் அறுத்ததால் வாடிற்றென்று காரணம் சொல்லுங்கள். செத்த செடியைக் காட்டத் துணிந்தவரிடமே ஜனங்கள் பணம் கொடுத்துச் செடி வாங்குகிறார்கள். இந்த வர்த்தகத்தின் மூலதனம் முழுவதும் அந்த நம்பிக்கையில்தான் அடங்கியிருக்கிறது.

செய்முறையை முழுமையாகக் காட்டுவதன் வலிமைக்குப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தைக் காட்டிலும் சிறந்த திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. விவசாய வேலை ஓய்ந்த மாதங்களைப் பயன்படுத்த எண்ணிய சகோதரர்கள் சிலர், தங்கள் பாட்டனாரையும் அழைத்துக்கொண்டு 2018இல் வயல்வெளியில் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021ஆம் ஆண்டில் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனலாயிற்று. அம்மியில் அரைப்பது முதல் இலையில் பரிமாறுவது வரை கைகள் செய்வதையே அவர்கள் காட்டினார்கள். தமிழ் அறியாதவர்களும் பார்த்ததற்கு அதுவே காரணம்.

வெளியிடுவதில் ஒழுங்கு முக்கியம். வாரத்துக்கு ஒன்று என்று நிச்சயித்தால் ஒரே கிழமையில் தவறாது வெளியிடுங்கள். அதற்காக நாலைந்து வீடியோக்களை முன்னரே எடுத்து வைத்திருங்கள். ஜூன் மாதத்தில் மாடியில் நிற்கவே முடியாது என்பதை இவ்வூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விரிவான பாடங்கள் யூடியூபில் இருக்கட்டும். பூ மலரும் அழகைக் காட்டும் சிறு துண்டுகள் இன்ஸ்டாகிராமுக்குப் போகட்டும். வாங்க விரும்புகிறவர்களுக்கென்று வாட்ஸ்அப் வணிகக் கணக்கு ஒன்று தனி எண்ணில் இருக்கட்டும். பின்னணியில் சினிமாப் பாட்டைச் சேர்க்காதீர்கள். பதிப்புரிமை உடையவர் ஆட்சேபித்தால் வீடியோவின் வருமானமோ, சில சமயம் சேனலோகூடப் போய்விடும்.

இனி வருமானம். நீண்ட வீடியோக்களைக் கொண்டு விளம்பரப் பணத்தில் பங்கு பெற யூடியூபில் 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். நீண்ட வீடியோக்களின் விளம்பர வருவாயில் 55 சதவீதம் உங்களுக்கு வரும். கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகே அது வங்கிக்கு வரும். அமெரிக்க வரிப் படிவத்தை ஆரம்பத்திலேயே பூர்த்தி செய்யாவிட்டால் தேவைக்கு மேல் பிடித்தம் செய்துவிடுவார்கள். ஆனால் குறுகிய ஒரு பொருளைப் பற்றிப் பேசுகிற சேனலுக்கு இத்தொகை தொட்டியும் கரியும் வாங்கப் போதுமானால் அதிகம். குடும்பத்தைத் தாங்குவது செடி விற்பனையும், கட்டணம் பெற்றுக் கற்பிக்கும் வகுப்புகளுமே. வெட்டுப்பூ விற்பதில் இறங்க வேண்டாம். பூச்சந்தைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையிலிருந்து லாரி லாரியாகப் பூ இறங்கும் ஊரில், சில டஜன் தண்டுகளைக் கொண்டு விலை பேச முடியாது.

செடியை அனுப்பும் கலையைத் தனியே பயில வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்து, வேரில் ஈரப்பாசி சுற்றி, இலைகளைச் செய்தித்தாளில் பொதிந்து, காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஆடாது கட்டி, ஞாயிற்றுக்கிழமை இடையில் கிடக்காதவாறு திங்கட்கிழமையே அனுப்புங்கள். கடும் மழை வாரங்களில் விற்பனையையே நிறுத்திவையுங்கள். பெட்டியைத் திறக்கும்போது படமெடுக்கச் சொல்லி, வாடிய செடிக்கு மாற்றுச் செடி தருவதாக முன்கூட்டியே எழுதிவிட்டால் தகராறு எழாது. விலை வைக்கும்போது தொட்டி, பெட்டி, கூலி, வழியில் சாகும் செடிகள் ஆகிய யாவற்றையும் கணக்கிடுங்கள். உங்கள் உழைப்புக்குக் கூலி போடாமல் லாபம் என்று சொல்லிக்கொள்வது வெறும் பிரமை.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். செடிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. விளம்பர வருவாயும் வகுப்புக் கட்டணமும் சேவையாகையால், அவற்றுக்கு விதிக்கப்பட்ட ஆண்டு வரம்பைக் கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள். உரத்தையோ பூச்சிமருந்தையோ பிரித்துச் சிறு பொட்டலமாகக் கட்டி விற்கக் கூடாது. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையும் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் அதற்கு அனுமதி கோருகின்றன. அகஸ்தியமலைக் காட்டிலிருந்து ஒரு செடியையும் பெயர்த்து வராதீர்கள். அது சட்டவிரோதம் மட்டுமன்று, அச்செடி வாழும் உலகத்தையே அழிக்கும் பாதகம். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ அன்பர்கள் கேட்டாலும் பயணியின் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைக்கு உட்பட்டதாகையால் ஏற்றுமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் தேவை. ஓர் உரக் கம்பெனி பணமோ இலவசப் பொருளோ கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னால், அது விளம்பரம் என்பதை வீடியோவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டுமென்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள் விதிக்கின்றன; உங்கள் மாடியில் போட்டுப் பாராத உரத்தை எவ்வளவு பணம் கொடுத்தாலும் புகழ்ந்து பேச வேண்டாம்.

உத்தியோகத்தை எப்போது விடலாம் என்ற கேள்வி பலருக்கும் எழும். விற்பனைக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, வரவு செலவு முழுவதையும் அதில் மட்டுமே நடத்தி வாருங்கள். விற்பனை படுத்துவிடும் மழை மாதங்களையும் சேர்த்து ஓராண்டு முழுவதும், உங்கள் சம்பளத்தைத் தொடாமல் அக்கணக்கிலிருந்தே வீட்டுச் செலவு நடந்ததானால் விடலாம். நடக்கவில்லையானால் இன்னும் ஓராண்டு, காலையில் செடியும் பகலில் அலுவலகமுமாகத் தொடருங்கள்.