இன்சர்ட் நட்டு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கட்டில் சட்டம், மேசைக் கால் போன்ற பிரித்து மாட்டும் மரச்சாமான்களில், போல்ட் ஏறுவதற்காக மரத்துக்குள் பதிக்கப்படும் உலோகக் குழல்தான் இன்சர்ட் நட்டு. அதன் உட்புறம் போல்டுக்கான மரை, வெளிப்புறம் மரத்தைக் கவ்வும் அகல மரை.

உலோகம் என்பதாலேயே இது ஸ்க்ரூவைவிட எப்போதும் பலமானது என்பது பரவலான நம்பிக்கை. இழுவிசை கூடும்போது பெரும்பாலும் விட்டுக்கொடுப்பது உலோகமல்ல, அதைச் சுற்றியுள்ள மரம். ஆழமாக இறங்கிய நீள ஸ்க்ரூ, குட்டை இன்சர்ட்டைவிட நன்றாகவே பிடிக்கக்கூடும். இன்சர்ட்டின் சிறப்பு வேறு. ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் மரத்தில் விழுந்த மரை தேய்கிறது. இன்சர்ட்டிலோ உலோகத்தின் மேல் உலோகம் ஓடுவதால் மரத்துக்குச் சேதமில்லை. ஒருபோதும் கழற்றப்படாத இணைப்பில் இது வீண் செலவுதான்.

துளை இறுக்கமாக இருந்தால் பிடி கூடும் என்ற எண்ணம்தான் அதிகப் பலகைகளைப் பிளக்கிறது. தேக்கைவிடக் கடினமான மரங்களில் சிறிய துளைக்குள் பித்தளை இன்சர்ட்டைத் திருகினால், மரம் வெடிக்கும் அல்லது பித்தளை முறியும். வெளிமரையின் அடித்தண்டை வெர்னியரில் அளந்து, கடின மரத்தில் ஏறக்குறைய அதே அளவிலும், மென்மரத்தில் அரை மில்லிமீட்டர் குறைத்தும் துளையிடுவது நல்லது. கழிவுத் துண்டில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை. துளையின் வாயைச் சற்றுச் சரித்துவிட்டால் இழைகள் மேலே எழும்பாது. வெளிமரையில் மெழுகு தடவினால் திருகுவது எளிதாகும்.

பித்தளை இன்சர்ட்டின் தலையில் உள்ள வெட்டு ஸ்க்ரூடிரைவருக்கானது என்று நம்பித் திருகுவோர் பலர். கடின மரத்தில் அந்த வெட்டின் உதடுகள் உடைவதுதான் மிச்சம்; இன்சர்ட்டும் சாய்ந்து இறங்கும். மாற்று வழி எளிது. ஒரு போல்டில் நட்டை ஏற்றி, போல்டை இன்சர்ட்டுக்குள் சில சுற்று திருகி, நட்டை இன்சர்ட்டின் முகத்தோடு இறுக்கினால் மூன்றும் ஒன்றாகிவிடும். பிறகு போல்டின் தலையை ஸ்பேனரால் திருப்பி இறக்கலாம். முகம் மரமட்டத்துக்கு ஒரு நூலளவு கீழே போனதும், போல்டை அசையாமல் பிடித்து முதலில் நட்டைத் தளர்த்த வேண்டும். இந்த வரிசை மாறினால் இன்சர்ட்டும் போல்டோடு கிளம்பி வந்துவிடும்.

பசை போட்டால் எதையும் நிறுத்திவிடலாம் என்பது பாதி உண்மை. மரத்துக்கான வெள்ளைப் பசை உலோகத்தைப் பிடிக்காது. எபாக்ஸி பிடிக்கும்; குறிப்பாக, இழைகள் வெட்டுப்பட்டு நிற்கும் பலகை முனையில் அது உதவும். உள்மரைக்குள் வழியாமல் பார்த்துக்கொண்டால் போதும். பார்ட்டிகிள் போர்டின் விளிம்பு வேறு சங்கதி: அதன் நடுப்பகுதி தளர்வான துகள், எதுவும் உறுதியாக நிற்காது.

எல்லா இணைப்புக்கும் இன்சர்ட்டே ஏற்றது என்பதும் சரியல்ல. பலகையின் பின்புறம் கை எட்டுமானால், அங்கிருந்து பதிக்கும் டி நட்டு மேல்: போல்ட் இறுக இறுக அது மரத்துக்குள் இழுபடும். இன்சர்ட்டை அதே இறுக்கம் வெளியே இழுக்கிறது. அப்படிப் பிடுங்கிவந்த துளையில் பழைய இன்சர்ட்டையே பசையோடு திணிப்பதைவிட, மரமுளை அடித்து ஒட்டி, காய்ந்தபின் புதிதாகத் துளையிடுவதே நிற்கும்.